போல் உவேயின் சேன் க்ளூ பூங்கா: மரங்கள் ஏன் இவ்வளவு பழுப்பாகவும் இருளாகவும் இருக்கின்றன?

கேள்வி
பதிந்தவர்: வண்ணக்கிண்ணம்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஓவியம் கற்பிக்கிறேன். பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றிய தடித்த படநூல் ஒன்று சென்ற மாதம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதில் முழுப்பக்கமாக அச்சிடப்பட்டிருக்கும் ஒரு படம் என்னை விடுவதாக இல்லை. ஓவியர் போல் உவே என்றும், இடம் பாரிசுக்கு மேற்கே செய்ன் நதிக்கரையில் உள்ள சேன் க்ளூ பூங்கா என்றும், காலம் 1820கள் என்றும் மட்டுமே அதன் கீழே போட்டிருக்கிறார்கள்.

படத்தின் முக்கால் பங்கை மரங்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அடியில் நாலைந்து மனிதர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. அவர்களில் ஒருத்தியின் மேலாடைக்கு ஒரே ஒரு சிவப்புத் தொடுதல், அவ்வளவுதான். இலைகளின் இடையே வானம் துண்டு துண்டாகத் தெரிகிறது. முன்தரை முழுவதும் காப்பிக்கொட்டை நிறம். மரங்களின் அடிப்பகுதியும் அதே நிறத்தில் தொடங்கி, மேலே போகப் போகத்தான் பச்சையை நினைவூட்டும் ஒரு மங்கல் நிறத்துக்கு வருகிறது.

வகுப்பில் இதைக் காட்டியபோது ஒரு மாணவி, "இது இலையுதிர் காலமா டீச்சர்?" என்று கேட்டாள். இலைகள் அடர்த்தியாக மரத்திலேயே இருப்பதால் அப்படி இருக்காது என்று சொன்னேனே தவிர, பிறகு ஏன் இந்தப் பழுப்பு என்ற அவளுடைய அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஓவியர் வேண்டுமென்றே இப்படித் தீட்டினாரா, அல்லது இருநூறு ஆண்டுகளில் வண்ணம் கெட்டுப்போனதா? இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பூங்கா என்று பெயர் போட்டிருக்கிறது, ஆனால் படத்தில் இருப்பது காடு போலத் தோன்றுகிறது. அந்தக் காலத்துச் சேன் க்ளூ எப்படிப்பட்ட இடம்? அறிந்தவர்கள் விளக்கினால் அந்த மாணவிக்கு முறையாகப் பதில் சொல்ல முடியும்.

மறுமொழி
பதிந்தவர்: கித்தான்

வணக்கம் அம்மா. பழைய எண்ணெய் வண்ண ஓவியங்களைத் துப்புரவு செய்து பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் வண்ணம் என்ற பொருளின் பக்கத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

உங்கள் மாணவிக்குக் காலம் இலையுதிர் காலமல்ல என்று தயங்காமல் சொல்லலாம். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஓர் எழுதாத விதி நடைமுறையில் இருந்தது: முன்தரை பழுப்பு, நடுத்தரை பச்சை, தொலைவு நீலம். கண் முன்னாலிருந்து பின்னால் நகர்வதற்கு இந்த மூன்று நிறப் படிகள் ஏணி போலப் பயன்பட்டன. முன்னால் இருண்ட மரம் ஒன்றை ஓரத்தில் நிறுத்திவிட்டால் அதன் பின்னே உள்ள வெளிச்சம் தானாகவே பின்வாங்கித் தொலைவாகிவிடும். 1803இல் பாரிசில் பிறந்த உவே, இந்த விதியைப் பின்பற்றிய ஓவியங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தார்.

அடுத்தது வார்னிஷ். வேலை முடிந்ததும் படத்தின் மேல் மரப்பிசினைக் கரைத்துப் பூசுவது வழக்கம். மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த மாஸ்டிக் பிசின்தான் அப்போது பெருவழக்காக இருந்தது. பூசியபோது கண்ணாடி போல இருக்கும் அந்தப் படலம் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகி, பிறகு வெல்லப்பாகு நிறத்துக்குப் போய்விடும். அதன் வழியாகப் பார்க்கும்போது நீலம் பச்சையாகவும், பச்சை பழுப்பாகவும், வெள்ளை வெண்ணெய் நிறமாகவும் தெரியும். துப்புரவு செய்யும்போது பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு சதுர அங்குலத்தை மட்டும் முதலில் துடைத்துப் பார்ப்போம். பஞ்சில் தேநீர்ச் சாயம் போலப் பழுப்பு ஏறும். துடைத்த இடத்தில் சிறு சன்னல் திறந்ததைப் போல வானம் நீலமாக எட்டிப் பார்க்கும். எத்தனை ஆண்டுகள் செய்தாலும் அந்தக் கணத்தில் என் கை சற்று நின்றுவிடுகிறது.

மூன்றாவது காரணம் பச்சை நிறத்தின் வறுமை. இன்று ஓவியக் கடையில் பத்து வகைப் பச்சை குழாய்களில் அடுக்கியிருக்கும். 1820களில் நிலக்காட்சி ஓவியரிடம் இலைக்கு நம்பிப் போடத்தக்க நல்ல பச்சை ஏறக்குறைய கிடையாது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் உண்டாக்க வேண்டும். நீலத்துக்குப் பெரும்பாலும் பிரஷ்யன் நீலம். மஞ்சளுக்கு மஞ்சள் காவி, அல்லது செடிகளிலிருந்து எடுத்த சாயத்தைச் சுண்ணப்பொடியில் ஏற்றிய மென்மஞ்சள், அல்லது அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்த குரோம் மஞ்சள். இவற்றில் காவி மட்டுமே காலத்துக்கும் நிற்கும். செடிச்சாய மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்து மறைந்துவிடும், குரோம் மஞ்சளோ நாளடைவில் பழுப்பேறிக் கருக்கும். ஆகவே ஒரே படத்தில் ஒரு மரம் நீலம் பூத்தும் அடுத்த மரம் பழுத்தும் இருந்தால் அது ஓவியர் கண்ட வேறுபாடாக இல்லாமல், அவர் எடுத்த மஞ்சளின் வேறுபாடாகவும் இருக்கக்கூடும்.

வண்ணம் அப்போது தகரக் குழாயில் வரவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மடக்கிப் பிதுக்கும் குழாய் 1841இல்தான் வந்தது. அதற்கு முன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து நூலால் கட்டி விற்றார்கள். வேண்டும்போது ஊசியால் ஒரு துளை போட்டுப் பிதுக்குவார்கள். அந்தத் துளையை முறையாக அடைக்காவிட்டால் உள்ளே இருப்பது காய்ந்துவிடும். பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தீட்டுவது எவ்வளவு பாடு என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். எடுத்துச் செல்லும் வண்ணங்களின் எண்ணிக்கையும் குறைவாகத்தான் இருக்கும்.

எனவே என் கணிப்பில், உங்கள் படநூலில் தெரியும் பழுப்பில் பெரும்பங்கு வார்னிஷுக்கும் வண்ணப்பொருள்களின் முதுமைக்கும் உரியது.

மறுமொழி
பதிந்தவர்: செய்ன்கரைவாசி

வணக்கம். நான் அந்தப் பூங்காவுக்கு நடந்து போகும் தொலைவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பூங்காவா காடா என்ற உங்கள் கேள்விக்கு, இரண்டும் என்பதே நேர்மையான பதில். இன்றைக்கும் அதன் பரப்பு ஏறத்தாழ 460 ஹெக்டேர். செய்ன் நதி பாரிசை விட்டு வெளியேறி ஒரு பெரிய வளைவு வளைகிறது. அந்த வளைவின் இடக்கரையில், தண்ணீர் மட்டத்திலிருந்து குன்றின் உச்சிவரை படிப்படியாக ஏறுகிற நிலம் அது. கரையோரம் சமதளமான சாலை மரங்கள், அதற்கு மேலே அருவிப் படிகள், மேல்தளங்கள், அவற்றுக்கும் பின்னால் மெய்யான வனம் என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது.

பதினான்காம் லூயி மன்னரின் தம்பி பிலிப்புக்காக இந்தத் தோட்டத்தை வகுத்தவர், வெர்சாய் தோட்டத்தை வகுத்த அதே லெ நோத்ர். பெரிய அருவிப்படியை 1660களில் அந்துவான் லெ போத்ர் கட்டினார். நூற்றாண்டின் இறுதியில் ஆர்துவேன் மான்சார் அதை நீட்டித்தார். 1785இல் இந்த அரண்மனையை அரசி மரி அந்துவானெத்துக்காக வாங்கினார்கள். 1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது இங்கே இருந்த ஆரஞ்சுக்கூடத்தில்தான் (ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்க வைக்கும் கூடம் அது). 1804 மே மாதம் அவர் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். உவே இங்கே வந்து தீட்டிய ஆண்டுகளில் மறுபடியும் பூர்போன் மன்னர்களின் ஆட்சி. அந்தப் பரம்பரையின் கடைசி மன்னரான பத்தாம் சார்லஸ், தம் முடியைப் பறித்த ஜூலைக் கட்டளைகளில் 1830இல் கையெழுத்திட்டதும் இதே அரண்மனையில்தான்.

ஆனால் உங்கள் படத்துக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது மரங்களின் வயது. லெ நோத்ர் காலத்தில் தொடங்கிய சாலை மரங்களும் தோப்புகளும் உவே வரும்போது ஒன்றரை நூற்றாண்டைக் கடந்திருந்தன. வரைகோல் வைத்து வகுத்த தோட்டத்தில் மரம் மட்டும் வகுத்தபடி நிற்காது. கிளை தன் போக்கில் வளைந்து, உச்சிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கீழே பகலிலேயே அந்தி போல ஆகிவிடும். நடுவில் நின்று நேரே பார்த்தால் அரசரின் தோட்டம், பாதையை விட்டு இருபது அடி விலகி அண்ணாந்து பார்த்தால் காடு. உவே அந்த இருபது அடியை விலகி நின்றவர் என்று நினைக்கிறேன்.

அவர் 1823இல் தீட்டிய ஒரு சிறு ஓவியத்தில் இப்பூங்காவின் எல்ம் மரங்கள் இடம்பெற்றிருக்கின்றன. இன்று வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை, ஏனென்றால் அந்த மரங்களை இனி இங்கே தேடிப் பயனில்லை. பட்டை வண்டுகள் சுமந்து பரப்பிய ஒரு பூஞ்சை நோய், முதல் உலகப்போரை ஒட்டி ஒரு முறையும், 1970களில் இன்னும் கொடியதாக மறுமுறையும் வந்து, மேற்கு ஐரோப்பாவின் பெரிய எல்ம் மரங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. இப்போது அங்கே நமக்கு நிழல் தருபவை செஸ்ட்நட்டும் லிண்டனும் பிளேன் மரங்களும்தான். எல்ம் மரத்தின் அடுக்கடுக்கான, மேகம் குவிந்ததைப் போன்ற உச்சியை இந்த அளவில் பார்க்க வேண்டுமானால் ஓவியங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்தச் சின்ன மனிதர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரண்மனை அரசருடையது என்றாலும், கரையோரத்துக் கீழ்ப்பூங்காவில் பாரிஸ் மக்கள் வந்து உலாவுவது பழைய வழக்கம். செப்டம்பர் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சந்தைத் திருவிழா நடக்கும், நீரூற்றுகளைத் திறந்துவிடுவார்கள். மிர்லிட்டோன் என்ற ஊதுகுழல் இந்தச் சந்தைக்குப் பெயர்போனது. நாணல் தண்டின் முனையில் வெங்காயத்தோலை ஒட்டி, மேலே வண்ணக் காகிதம் சுற்றி விற்பார்கள். அதில் வாய் வைத்துப் பாடினால் குரல் வண்டு ரீங்காரம் போல மாறி வரும். கடைக்காரரும் தையற்காரியும் பட்டாளத்தாரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து உண்ணும் இடமாக அரசரின் தோட்டம் மாறிய காலம் அது. உங்கள் படத்திலுள்ள சிவப்பு மேலாடைக்காரியும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவளாக இருக்கலாம்.

அரண்மனை இப்போது இல்லை. 1870 அக்டோபர் 13ஆம் நாள், பிரஷ்யப் படைகள் உள்ளே தங்கியிருந்தபோது, எதிர்க்குன்றிலிருந்த பிரெஞ்சுக் கோட்டையின் குண்டுகள் விழுந்து தீப்பற்றி எரிந்தது; இருபது ஆண்டுகள் இடிபாடாக நின்ற சுவர்களையும் பிறகு இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தைக் கத்தரித்த யூ மரங்களை வைத்து அடையாளம் காட்டியிருக்கிறார்கள்.

மறுமொழி
பதிந்தவர்: நிழல்வாசகன்

கித்தான் ஐயா சொன்ன வண்ணப்பொருள் சார்ந்த காரணங்கள் ஒவ்வொன்றும் சரியானவை. அவற்றிலிருந்து எனக்கும் கற்றுக்கொள்ள இருந்தது. ஆயினும் பழுப்பையும் இருளையும் அவர் ஒன்றாகக் கட்டிவிட்டார் என்று கருதுகிறேன். இரண்டும் வேறு. பழுப்பில் காலத்தின் கை இருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். இருளில் இருப்பது உவேயின் கை. அவருடைய முயற்சியின் சாரமே அந்த இருள்தான். அதை வார்னிஷின் கணக்கில் எழுதிவிட்டால் ஓவியரை நாம் இழந்துவிடுவோம்.

ஏன் என்று சொல்கிறேன். உவே மாணவராக இருந்த அதே ஆண்டுகளில் பிரெஞ்சுக் கலைக்கழகம் நிலக்காட்சிக்கு எந்த மதிப்பைக் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஓவிய வகைகளில் வரலாற்று ஓவியத்துக்கே முதலிடம். நிலக்காட்சி வெகு கீழே. வலான்சியென் என்ற ஓவியர் 1800ஐ ஒட்டி வெளியிட்ட தம் பாடநூலில் மாணவர்களை வெளியே போய் இயற்கையைப் பார்த்துத் தீட்டச் சொன்னார். ஒளி மாறிவிடுவதால் ஒரு படிப்பு ஓவியத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, கதிரவன் எழும்போதும் மறையும்போதும் என்றால் அரைமணிதான் என்றுகூட வரையறுத்தார். ஆனால் அந்தச் சிறு படங்கள் யாருக்கும் காட்டுவதற்கானவை அல்ல, கூடத்தில் அமர்ந்து தீட்டப்போகும் பெரிய ஓவியத்துக்கான கையிருப்பு மட்டுமே. அந்தப் பெரிய ஓவியத்தில் உரோமானியக் கோயிலும் பழங்கதை மாந்தரும் இருந்தாக வேண்டும்.

வரலாற்று நிலக்காட்சிக்கென்று ரோம் பரிசு ஒன்றை ஏற்படுத்தி, 1817இல் முதன்முதலாக மிஷலோன் என்ற இளைஞருக்கு அளித்தார்கள். அந்தப் போட்டியின் ஒரு கட்டம் என்ன தெரியுமா? மரம். கொடுக்கப்பட்ட இனத்து மரம் ஒன்றை, முன்னால் மரம் எதுவும் இல்லாமல், அடைத்த அறையில் உட்கார்ந்து மனத்திலிருந்து தீட்ட வேண்டும். அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. கிளை எங்கிருந்து பிரியும், இலை எப்படிக் கொத்தாகும் என்று முழுவதும் அறிந்தவனால்தான் அப்படித் தீட்ட முடியும். ஆனால் அப்படித் தீட்டிய மரம் எப்போதும் முழுமையாக இருக்கும், தனித்து நிற்கும், அதன் ஒவ்வொரு கொத்துக்கும் போதிய வெளிச்சம் கிடைக்கும்.

மெய்யான தோப்பின் உள்ளே நின்று பார்த்தால் ஒரு மரமும் முழுதாகத் தெரியாது. பத்து மரங்கள் சேர்ந்து ஒரே கருந்திரளாக நிற்கும். அதில் எந்தக் கிளை எந்த மரத்துடையது என்று பிரித்தறிய முடியாது. வெளிச்சம் இலையின் மேல் இல்லாமல் இலைகளுக்கு இடையேதான் இருக்கும். இந்தத் திரளைத்தான் உவே தேடினார். பதின்ம வயதிலிருந்தே அவர் சுற்றித் திரிந்த இடங்கள் சேன் க்ளூ பூங்காவும், அதற்குச் சற்றுத் தெற்கே செய்ன் நதியின் நடுவிலுள்ள சேகேன் தீவும். பின்னாளில் ரெனோ கார்த் தொழிற்சாலை முழுவதுமாக மூடிக்கொண்ட அதே தீவுதான். அப்போது அங்கே நீரில் சாய்ந்த மரங்களும் புதர்களும் மண்டிக் கிடந்தன. கெரேன், குரோ ஆகிய ஆசிரியர்களிடம் அவர் மனித உருவம் பயின்றார் என்பது உண்மை. இருட்டைப் பயின்றது இந்தக் கரையில்தான்.

என் கருத்துக்கு ஒரு சான்றும் தருகிறேன். உவே நீர்வண்ணத்திலும் பாஸ்டலிலும் ஏராளமாக வேலை செய்தவர். அவற்றின் மேல் வார்னிஷ் பூசுவதில்லை, ஆகவே பழுத்துப்போகப் படலம் எதுவும் கிடையாது. இருந்தும் அவருடைய நீர்வண்ணத் தோப்புகளைப் பாருங்கள்: ஈரத்தின் மேல் ஈரமாக ஏற்றிய அதே கனத்த நிழல், அதன் நடுவே அதே கிழிசல் வெளிச்சம். வார்னிஷ் இல்லாத இடத்திலும் இருள் இருக்கிறதென்றால் அது வார்னிஷின் வேலையாக இருக்க முடியாது.

அவரைச் சுற்றி இருந்தவர்களையும் கவனிக்க வேண்டும். குரோவின் பயிற்சிக்கூடத்தில் உடன் பயின்ற ஆங்கிலேய இளைஞர் போனிங்டன் அவருக்கு நெருங்கிய நண்பர். 1822 வாக்கில் ஓவியர் தெலாக்ருவாவும் நண்பரானார். 1824ஆம் ஆண்டுச் சலோன் கண்காட்சிக்கு இங்கிலாந்திலிருந்து கான்ஸ்டபிள் என்ற ஓவியரின் வைக்கோல் வண்டி ஓவியம் வந்து தங்கப் பதக்கம் பெற்றபோது, அதன் ஈரம் மின்னும் பச்சையைப் பார்த்துப் பாரிஸ் இளைஞர்கள் திகைத்தார்கள். உவேயும் அவர்களில் ஒருவர். கான்ஸ்டபிளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவருடைய புரவலரான போமண்ட் பிரபு, ஓவியம் பழைய வயலினின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று வாதிட்டாராம். கான்ஸ்டபிள் ஒரு பழைய வயலினை எடுத்துப்போய் வீட்டு முன்னிருந்த புல்வெளியின் மேல் வைத்துக் காட்டினாராம். உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்வியும் அந்த வயலினைப் போன்றதுதான்.

பழுப்பு, பச்சை, நீலம் என்ற அந்த விதியை உவே முழுவதும் தூக்கி எறியவில்லை என்பதும் மெய்யே. முன்தரைப் பழுப்பு அவரிடம் தங்கிவிட்டது. அது அவர் காலத்தின் பழக்கம். ஆனால் ஓரத்தில் ஒதுங்கி நின்று தொலைவுக்கு வழிவிட வேண்டிய மரத்தை அவர் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். தொலைவு எங்கே என்று தேடிப் பாருங்கள். அது இல்லவே இல்லை, அல்லது இலைகளின் இடையே விரலளவுதான் இருக்கும். ஏணியின் முதல் படியிலேயே நம்மை நிற்க வைத்துவிட்ட ஓவியம் அது. அங்கே நிற்பதற்கு மதிப்பு உண்டு என்று அந்நாளில் சொல்வதற்கு இருபது வயது இளைஞருக்கு எவ்வளவு உறுதி வேண்டியிருந்திருக்கும்!

மறுமொழி
பதிந்தவர்: கித்தான்

நிழல்வாசகன் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். பழுப்பும் இருளும் வேறு என்பதை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். நீர்வண்ணச் சான்று வலுவானது.

ஒரு குறிப்பை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இருளிலும் காலத்தின் கை ஓரளவு உண்டு. அந்தத் தலைமுறை ஓவியர்கள் ஆழமான நிழலுக்காக நிலக்கீலை எண்ணெயில் கரைத்துப் பயன்படுத்தினார்கள். புதிதாகப் பூசும்போது அது தேன் போல ஒளி ஊடுருவும் அழகான பழுப்பு. அதன் கவர்ச்சிக்கு யார்தான் மயங்கமாட்டார்கள்? ஆனால் அது ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. மேலே ஏற்றிய வண்ணம் காய்ந்து இறுக, அடியில் இது இளகி நகர, பரப்பு முழுவதும் முதலைத் தோல் போல வெடித்துவிடும். ஒளி ஊடுருவிய நிழல் நாளடைவில் வெறும் கறுப்பாகிவிடும். அப்படிப்பட்ட நிழலைக் கையில் வைத்துப் பார்க்கும்போது ஓவியர் உள்ளே தீட்டிய கிளைகளும் வேர்களும் அங்கே இருக்கின்றன என்று தெரியும், ஆனால் அவற்றை மீட்க வழியிருக்காது. ஓவியர் இருளைத் தீட்டினார். அந்த இருளுக்குள் அவர் விட்டுவைத்திருந்த வெளிச்சத்தைத்தான் காலம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அச்சுப் படத்தை வைத்தே வார்னிஷின் பங்கைக் கணிக்க ஓர் எளிய வழி சொல்கிறேன். மரத்தைப் பார்க்காதீர்கள், வெள்ளையைப் பாருங்கள். மேகம், சட்டைக் கழுத்து, தலைத்துணி என்று ஓவியர் ஐயமில்லாமல் ஈய வெள்ளையைப் போட்டிருக்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடுங்கள். எண்ணெயில் அரைத்த ஈய வெள்ளை எளிதில் பழுக்காது. அது வெண்ணெய் நிறமாக இருந்தால் நீங்கள் மஞ்சள் கண்ணாடி வழியே பார்க்கிறீர்கள் என்று பொருள்; அந்த மஞ்சளை மற்ற நிறங்களிலிருந்தும் மனத்தால் கழித்துக்கொள்ளலாம். அதே ஓவியத்தின் வேறு பதிப்பு கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. துப்புரவுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஒளிப்படங்கள் வெவ்வேறு நூல்களில் அச்சாவது உண்டு.

மறுமொழி
பதிந்தவர்: செய்ன்கரைவாசி

நீலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்று நினைவுக்கு வருகிறது. பூங்காவின் தென்முனையை ஒட்டியது செவ்ர், பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கானில் கோபால்ட் நீலம் ஏற்றும் அந்தத் தொழிற்கூடத்தின் நடைமுறையை ஆராய்ந்துதான் தெனார் என்ற வேதியியலாளர் 1802இல் ஓவியர்களுக்கான கோபால்ட் நீலத்தை உருவாக்கினார். பிரெஞ்சு ஓவியர்களின் வானம் அதற்குப் பிறகு நிறம் மாறாமல் நிலைத்தது. அந்த நீலத்துக்கு வழிவகுத்த சூளைகள் உவேயின் மரங்களுக்குக் கூப்பிடு தொலைவில் இருந்தன.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. மேட்டிலிருக்கும் வில் தவ்ரே என்ற சிற்றூரின் குளங்கள், இந்தப் பூங்காவின் நீரூற்றுகளுக்கு நீர் தருவதற்காகப் பதினேழாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டவை. 1817இல் அதே ஊரில் கொரோ என்ற ஓவியரின் தந்தை ஒரு வீடு வாங்கினார். கொரோ தம் வாழ்நாள் முழுவதும் அந்தக் குளங்களின் வெள்ளி நிறக் காலைகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். மேலே குளத்தின் வெளிச்சத்தைக் கொரோவும், கீழே ஆற்றங்கரை மரங்களின் இருளை உவேயும் என்று, ஒரே நீர்வழியின் இரு முனைகளில் இருவர் வேலை செய்திருக்கிறார்கள்.

உவே இந்த இடத்தை இளமையோடு விட்டுவிடவும் இல்லை. செய்ன் பெருகிக் கரையோர மரங்களுக்குள் புகுந்த காட்சியை அவர் பெரிதாகத் தீட்டி 1855இல் காட்சிக்கு வைத்தார். சேன் க்ளூ வெள்ளம் என்ற அந்த ஓவியம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முடிந்தால் அதன் படத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, ஆனால் மரங்கள் அதே மரங்கள், தண்ணீரில் நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் தரையில் கிடந்த இருள் இப்போது நீரில் தலைகீழாகக் கிடக்கிறது.

மறுமொழி
பதிந்தவர்: வண்ணக்கிண்ணம்

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு மாணவியின் கேள்விக்கு இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கித்தான் ஐயா சொன்னபடி வேறொரு பதிப்பைத் தேடினேன். மாவட்ட மைய நூலகத்தில், சில பத்தாண்டுகள் பிந்தி அச்சான மற்றொரு நூலில் அதே ஓவியம் இருந்தது. நூலகர் அனுமதியோடு என் நூலையும் எடுத்துப்போய், சன்னலோர மேசையில் இரண்டையும் அருகருகே விரித்து வைத்தேன். அந்த மாணவியும் கூட வந்திருந்தாள். முதலில் வெள்ளையைத் தேடினோம். சிவப்பு மேலாடைக்காரியின் தலைத்துணி என் நூலில் பழைய அஞ்சலட்டையின் நிறத்தில் இருக்கிறது. நூலகப் பதிப்பில் அது சாம்பல் கலந்த வெள்ளை. இலைகளுக்கு இடையே தெரியும் வானம் என் நூலில் பச்சை பூத்திருக்கிறது, அங்கே தெளிந்த நீலம். முன்தரைகூட அங்கே காப்பிக்கொட்டை நிறத்திலிருந்து ஈரமண் நிறத்துக்கு இறங்கியிருந்தது. இடையில் துப்புரவு செய்திருக்கிறார்களா, அல்லது அச்சின் வேறுபாடும் சேர்ந்திருக்கிறதா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் மஞ்சள் படலம் ஒன்று விலகியதைக் கண்ணால் பார்த்ததைப் போலத்தான் இருந்தது.

பிறகு மரங்களின் நடுப்பகுதியைப் பார்த்தோம். அங்கே எதுவும் மாறவில்லை. கிளையோடு கிளை கோத்த அந்தத் திரள் இரண்டு நூல்களிலும் ஒரே அளவு இருட்டாக இருந்தது. மாணவி தன் பென்சிலின் பின்முனையை அந்த இடத்தின் மேல் படாமல் வைத்து, "இது மட்டும் அவர் போட்டது" என்றாள். அடுத்த வாரம் பள்ளி மைதானத்தின் ஓரத்திலிருக்கும் புளியமரங்களின் அடியில் வகுப்பை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மரத்தைத் தள்ளி நின்று வரையாமல், உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்து, முதலில் நிழலை மட்டும் வரையச் சொல்லப்போகிறேன்.